பலாமரத்துக்கு இன்னொரு வாய்தா

சேவந்தி தீர்லோட்கர் கல்யாணமாகி தேவ்சடே கிராமத்துக்கு வந்த அன்றே மாமியார் வீட்டை ஒப்படைத்துவிட்டார். அடுப்பு இது, அரிசிப் பானை இது, கிணறு அது. கிணற்றுக்கு அப்பால் நிற்கிற பலாமரம் நம்முடையது. அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிகிற பங்காளியின் வீடு அதோ அந்த ஓட்டு வீடு. அவர்களோடு பேசக் கூடாது. சேவந்தி தலையாட்டினாள். பிறகு அடுப்பு மாறியது, பானை உடைந்தது, கிணறுகூட ஒரு கோடையில் வற்றிப் பார்த்தது. பேசாமல் இருப்பதை மட்டும் அவள் இம்மியும் பிசகாமல் காப்பாற்றினாள்.

கொங்கணக் கடற்கரையில் நிலத் தகராறு இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தகராறு இல்லையென்றால் நிலமே இல்லை என்று அர்த்தம். அந்தக் கணக்கில் தீர்லோட்கர் குடும்பம் பெரிய இடம். வழக்கு ஆரம்பித்தது ஒரே ஒரு பலாமரத்தில்தான். ஆனால் மாமனாரின் வக்கீல் தொழிலில் பக்தி உள்ளவர். மரத்துக்கு வேர் உண்டு, வேருக்கு நிலம் உண்டு, அந்த நிலம் போய் முடிகிற இடம் ஊருக்கு மேலே கிடக்கிற செம்பாறை மேடு என்று எழுதி, மேடு முழுவதையும் வழக்குக்குள் இழுத்துவிட்டார். கோர்ட்டும் ஒரு தடை உத்தரவு போட்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் அதை விற்கக் கூடாது, தோண்டக் கூடாது, வேலி போடக் கூடாது, பழத்தைப் பறிக்கவும் கூடாது. அதன் பிறகு அந்த மரத்துப் பழங்களைச் சட்டப்படி சாப்பிட்டது குரங்குகள் மட்டும்தான்.

மாமனார் போனார், வழக்கு மகன் பார்கவுக்கு வந்தது. பார்கவ் போனார், சேவந்திக்கு வந்தது. எதிர்க்கட்சியில் மாமனாருடைய தம்பி மகன் சதானந்த். ஊரில் இருக்கிற ஒரே மாவு மில் அவருடையது. ஆகவே சேவந்தி தன் அரிசியைத் தகர டின்னில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடை தாண்டி அடுத்த ஊர் மில்லுக்குப் போவாள். திரும்பி வந்ததும் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். தைலம் தேய்க்கும்போது சதானந்தைத் திட்டுவாள். இரண்டில் எது வலியைக் குறைத்தது என்று அவளுக்கே தெரியாது.

வாய்தா நாளில் இருவரும் தாலுகா ஊருக்கு ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும், ஏனென்றால் இருப்பதே ஒரு பஸ். கண்டக்டர் திகம்பர்தான் நடுவில் நின்று பேச்சைக் கடத்துவார்.

"திகம்பர், மழைச்சாரல் அடிக்குது, அந்த ஆளை ஜன்னலைச் சாத்தச் சொல்லு."

"ஜன்னல் துருப்பிடிச்சு நிக்குதுன்னு அண்ணிகிட்ட சொல்லு திகம்பர். வேணும்னா அதுக்கும் ஒரு கேஸ் போடச் சொல்லு."

"ரெண்டு பேரும் டிக்கெட் எடுங்க முதல்ல" என்பார் திகம்பர்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆலை வரவில்லை, ஆலையின் படம்தான் வந்தது. பளபளப்பான தாளில் மஞ்சள் தொப்பி போட்ட நாலு பேர் வானத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலை வரும், ஆஸ்பத்திரி வரும், விமானமே வரும் என்று அதிகாரி சொன்னார். கூட்டத்தில் சேவந்தி எழுந்து ஒன்றுதான் கேட்டாள். "பஸ் இன்னொண்ணு வருமாய்யா?" அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பஸ் அதில் இல்லை.

ஆலைக்குக் கண் வைத்த இடம் அந்தச் செம்பாறை மேடு. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கட்டாந்தரை. அளக்க வந்தவர்கள் 'தரிசு' என்றே எழுதிக்கொண்டார்கள். ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பாறை குடிக்கிற தண்ணீர்தான் கோடையில் கீழே கிணறுகளில் ஊறும். மேட்டைத் தோண்டினால் ஊர் வற்றிவிடும் என்பது தேவ்சடேயில் எருமைக்கும் தெரியும். ஊர் எழுந்துவிட்டது. எழுந்த வேகத்தில் ஊரில் ஒரு போராட்டக் கமிட்டி, மும்பையில் வேலை பார்க்கிறவர்கள் சார்பில் ஒரு கமிட்டி, இந்த இரண்டையும் ஒற்றுமைப்படுத்த மூன்றாவதாக ஒரு கமிட்டி.

மே மாத வெயிலில், நிலம் அளக்க வந்த வண்டிகளை மறித்துப் பெண்கள் பாறைமேல் படுத்தார்கள். முதல் வரிசையில் சேவந்தி. பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. போலீஸ் எல்லோரையும் வேனில் ஏற்றியபோது, சேவந்திக்கு எதிர் இருக்கையில் வந்து விழுந்தவர் சதானந்த்.

"கான்ஸ்டபிள் தம்பி, அந்த ஆளோட காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கச் சொல்லு."

"ஒதுக்கினா உங்க லத்திமேல படும்னு சொல்லுங்க சார்."

கான்ஸ்டபிள் வெளியூர்க்காரர். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்குமே மராட்டி தெரியும்தானே?" என்று கேட்டார். வேன் முழுக்கச் சிரித்தது. மதியம் சேவந்தி முந்தானை மூட்டையை அவிழ்த்து, அரிசி மாவில் தட்டிய பாக்ரி ரொட்டிகளை எல்லோருக்கும் கொடுத்தாள். சதானந்தின் பங்கு கான்ஸ்டபிள் கை வழியாகப் போனது. சதானந்த் அதை முழுசாகத் தின்றார். அந்தப் பாக்ரி பின்னால் வரும்.

இந்த நேரத்தில் மும்பையிலிருந்து வந்து சேர்ந்தார் சுகாஸ் பாவ். வங்கி ஊழியர் சங்கத்தில் பல வருடம் முழங்கி ஓய்வு பெற்றவர். மைக் தேவைப்படாத குரல், ஆனால் மைக் இல்லாமல் பேச மாட்டார். நல்ல மனுஷன். தன் செலவில் வந்தார், தன் பாயில் படுத்தார், நேரில் எதிர்த்துப் பேசினால் கேட்டுக்கொண்டார், பிறகு தான் நினைத்ததையே செய்தார். பலாமர வழக்கு அவர் காதில் விழுந்தது.

"கம்பெனி எதை நம்பி வருது தெரியுமா?" என்று கூட்டத்தில் கேட்டார். "நம்ம பிளவை நம்பி வருது. ஒரு பலாப்பழத்தை ஒத்துமையாத் திங்க முடியாதவங்க கம்பெனியை எப்படி விரட்டுவீங்க?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இந்த ஓரம் சேவந்தியும் அந்த ஓரம் சதானந்தும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருமே கைதட்டியிருந்தார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று பாதியில்தான் புரிந்தது.

தேவ்சடேயில் எந்தத் தீர்மானமும் வாக்ஜாயி அம்மனிடம் கேட்காமல் நிறைவேறாது. கோயில் பூசாரி குரவ், நனைத்த பூ இதழை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டி வைத்துவிட்டு முறையிடுவார். வலது இதழ் முதலில் விழுந்தால் சரி, இடது விழுந்தால் கூடாது. அம்மனே ஆனாலும் முறையீட்டில் 'மகாராஜா' என்றுதான் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். மூன்று கமிட்டியும் கூடி நின்றன.

"தாயே மகாராஜா, உன் பிள்ளைங்க ரெண்டு பேர் ஒரு மரத்துக்காக முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"ஆமா மகாராஜா" என்றது ஊர்.

"ஊருக்கு ஆபத்து வந்திருக்கு. இவங்க பகையை விட்டுச் சேரணுமா, சொல்லு மகாராஜா."

"ஆமா மகாராஜா."

அம்மன் அவசரப்படவில்லை. குரவுக்குத் தொண்டை கட்டியது. சுகாஸ் பாவ் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியபோது வலது இதழ் விழுந்தது. அடுத்த வாய்தாவில் இருவரும் சமரச மனு கொடுத்துப் பாகம் பிரித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கூட்டத்தின் நடுவில் சேவந்தியும் சதானந்தும் ஒருவரை ஒருவர் பார்த்து, பல் டாக்டரிடம் வாய் திறப்பதுபோலச் சிரித்தார்கள்.

சமாதானம் என்பது சண்டையைவிட வேலை அதிகமான விஷயம் என்று சேவந்திக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. சதானந்த் வீட்டிலிருந்து கருவாடு வந்தது. பதிலுக்கு இவள் கோகம் பழச் சர்பத் அனுப்பினாள். அதற்குப் பதிலாக அப்பளம் வந்தது. மில்லுக்கு டின்னோடு போய் நின்றால், "மாவு நைசா வேணுமா அண்ணி, கொஞ்சம் குருணையாவா?" என்று நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள். அப்படியொரு வார்த்தை தன் வாயிலிருந்து வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் வலி நின்றுவிட்டது. ஆனால் சாயங்காலத்தில் தைலம் தேய்க்கவும் இல்லை, திட்டவும் ஆளில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

வாய்தாவுக்கு முந்தின நாள் விலாஸ் வந்தான், கையில் பேடா டப்பா. கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் தரகன். போராட்டம் தொடங்கியதிலிருந்து அவன் இந்தத் தெருவில் தலைகாட்டியதில்லை.

"என்ன விசேஷம் விலாஸ், உன் பொண்ணு பாஸாயிட்டாளா?"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களே அக்கா, அதைவிட விசேஷமா? ஒத்துமைதான் பெரிய பலம். ஒரு பலாப்பழத்தை ஒத்துமையாத் திங்கணும்."

சேவந்தி பேடாவைக் கையில் எடுத்தாள், வாயில் போடவில்லை. இதே வசனத்தைச் சுகாஸ் பாவ் வாயில் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது. இவன் வாயில் கேட்டதும் பேடாவைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

"சுகாஸ் பாவுக்குச் சந்தோஷம், சரி. உனக்கு எதுக்குப்பா இவ்வளவு சந்தோஷம்?"

விலாஸ் கெட்டிக்காரன்தான். ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிற கெட்டிக்காரனுக்கு வாய் நிற்காது. "நாலு வக்கீல் வச்சுப் பார்த்தோம்க்கா, அந்தத் தடை உத்தரவை அசைக்க முடியலை. கேஸ் நடக்கிறவரைக்கும் அந்த மேட்டை யாரும் தொட முடியாதாம். கடைசியில ஒரு பூ இதழ் அசைச்சிடுச்சு பாருங்க. நாளைக்கு நீங்க கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சது, தடையும் போச்சு. மும்பைப் பக்கம் நாலாசோபாராவில, மேட்டுல பங்கு இருக்கிற உங்க மத்த பங்காளிப் பசங்க பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, அவங்க பங்கை விக்கிறதுக்கு. நீங்க விக்க வேணாம்க்கா. உங்க பங்கு பத்திரமா நடுவில இருக்கும், சுத்தி ஆலை இருக்கும்."

அவன் தெரு திரும்பியதும் சேவந்தி அரிசி டின்னைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கு நடந்தாள். டின்னில் அரிசி இல்லை.

மில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் காதோடு வாய் வைத்தாலும் கத்தித்தான் பேச வேண்டும். வெளியே தெருவில் போன ஒருத்தி, "ஐயோ, மறுபடியுமா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"சதானந்த், மோசம் போயிட்டோம்."

"டின்ல ஒண்ணுமே இல்லையே அண்ணி."

"மேடே போகப்போகுது, டின்னைப் பார்க்கிறே."

அவள் சொல்லி முடித்ததும் சதானந்த் மாவு படிந்த புருவத்தைத் துடைத்தார். "என் வீட்டுக்கும் பேடா வந்தது. நான் ரெண்டு தின்னுட்டேன்."

"அதை விடு. நாளைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. சண்டை போட்டுப் பிரியணும்."

"அம்மன் வலது பக்கம் கொடுத்திருக்கா. மீறினா கண்ணு போயிடும்."

"அம்மன் என்ன சொன்னா? சேருன்னா. சேர்ந்துட்டோம். இப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதானே சண்டை போடப்போறோம்?"

சதானந்த் யோசித்தார். குரவிடம் கேட்டால் இதற்கு ஒரு மாதம் ஆகும். "சரி. சுகாஸ் பாவ்கிட்டயாவது சொல்லிடுவோமா?"

"அவர் முகம் ஒரு சுவரொட்டி. உள்ளே என்ன இருக்கோ அது வெளியே பெரிய எழுத்துல இருக்கும். சாயங்காலத்துக்குள்ள விலாஸ் படிச்சிடுவான்."

யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. மரம் என்னுடையது என்று அவர் சொல்ல வேண்டும், இல்லை என்னுடையது என்று இவள் சொல்ல வேண்டும். இத்தனை வருடமாகச் சொன்னதுதான். இதற்கு ஒத்திகை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அதுதான் தப்பு.

மறுநாள் கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பாதி ஊர் கூடியிருந்தது. சுகாஸ் பாவ் கையில் சமரச மனு, பிளாஸ்டிக் உறையில். ஓரத்து மேஜையில் விலாஸ், ஒன்றும் தெரியாதவன்போல வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சேவந்தி தொண்டையைச் செருமினாள்.

"அந்த மரம் எங்களுது."

"இல்லை அண்ணி, எங்களுது" என்றார் சதானந்த், மிகவும் மரியாதையாக.

"போன வருஷம் நீங்க பழத்தை எடுத்தீங்க."

"எடுத்தேன் அண்ணி. தப்புத்தான். மன்னிச்சுக்கோங்க."

கடையில் எல்லோரும் உருகிப்போனார்கள். சுகாஸ் பாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்த்தீங்களா, மன்னிப்புக் கேட்டுட்டார்" என்றார். விலாஸ் இன்னொரு வடை சொன்னான். சேவந்தி சதானந்தை முறைத்தாள். ஒரு மாத மரியாதை அந்த மனுஷனைப் பாழாக்கியிருந்தது. சதானந்துக்கு வேர்த்தது. உள்ளே கோர்ட் பியூன் வழக்கு எண்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அவர் அகப்பட்டதைப் பிடித்தார்.

"நீங்க வேன்ல கொடுத்த பாக்ரி," என்றார், "அதை ரோட்டுல போட்டா லாரி போகும்."

விலாஸின் கையில் வடை பாதி வழியில் நின்றது.

இது பேசி வைத்ததில் இல்லை. சேவந்தி மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னே?"

"உள்ளதைச் சொன்னேன். இன்னும் ஒரு பல் ஆடுது."

"ஓடை தாண்டிப் போய் அரைச்ச மாவுடா அது. யாரால போனேன்? கொழகொழன்னு இருக்கிற கூழன் பழத்துக்கும் கட்டிச் சுளை வருக்கைக்கும் வித்தியாசம் தெரியாம, பழுத்ததை அழுகினதுன்னு தூக்கிப்போட்டவன் நீ. உனக்கு எதுக்குப் பலாமரம்?"

"எனக்கா தெரியாது? உங்க மாமனார் கூழனைக் காட்டி வருக்கைன்னு சந்தையில வித்தாரே, அந்தக் கதையைச் சொல்லவா?"

"செத்தவரை இழுக்காதே."

"நீங்கதான் எங்கப்பாவை வாய்தாவுக்கு வாய்தா இழுத்தீங்க."

"என் வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு வேலி வரைக்கும் வந்தே. நின்னே. உள்ளே வராமத் திரும்பிப் போனே. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"வேலிப் படலை யாரு சாத்தி வச்சது?" சதானந்தின் குரல் உடைந்தது. "நானும் பார்கவும் ஒரே தட்டுல தின்னு வளர்ந்தவங்க. படலைத் திறந்து வச்சிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். இதற்கு மேல் யாரிடமும் நடிப்பு மிச்சமில்லை. சேவந்தி சுகாஸ் பாவ் கையிலிருந்த உறையைப் பிடுங்கினாள். பிளாஸ்டிக்கைக் கிழிக்க முடியாமல் கொஞ்சம் போராடி, உள்ளிருந்த மனுவை உருவி நாலாகக் கிழித்து வடைத் தட்டில் போட்டாள். இரண்டு வக்கீல்களும் கோர்ட் வாசலிலிருந்தே அதைப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதி, ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம் என்று கேட்ட அப்பனுடையது. தீபாவளிக்கு அப்புறம் வாய்தா.

அதன் பிறகு சேவந்தி பட்டதுதான் நிஜமான பாடு. போராட்டக் கூட்டத்தில் சுகாஸ் பாவ் பெயர் சொல்லாமல் பேசினார். பெயர் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம். "சொந்தப் பகையைத் தாண்ட முடியாதவங்களால எந்த இயக்கமும் ஜெயிச்சதில்லை." பாறையில் பக்கத்தில் படுத்த பெண்கள் கிணற்றடியில் அவளைக் கண்டு பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, "அம்மன் வாக்கையே கிழிச்சவ" என்றாள், அவளுக்குக் கேட்கிற அளவு சத்தமாக. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். அந்த ஒரு வார்த்தை மாலைக்குள் விலாஸுக்குப் போகும், மறுநாள் கோர்ட்டில் 'இது பொய்ச் சண்டை' என்று அவனுடைய வக்கீல் நிற்பான். சேவந்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாயைக் கட்டுவது அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இதுவரை ஒரு வீட்டோடு பேசாமலிருந்தாள், இப்போது ஊரே அவளோடு பேசவில்லை.

மழை விட்டதும், சமரசத்தை நம்பிக் கம்பெனி முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த துளை போடும் எந்திரம் வந்தது, பின்னால் போலீஸ். ஊர் மேட்டில் திரண்டது. சுகாஸ் பாவ் மைக்கைப் பிடித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கையில், சேவந்தியின் வக்கீலும் சதானந்தின் வக்கீலும் ஸ்கூட்டரில் ஒன்றாக வந்து இறங்கி, தடை உத்தரவு உயிரோடு இருக்கிறது என்று அதிகாரியிடம் காட்டினார்கள். அதிகாரி இரண்டு முறை படித்தார். யாரிடமோ போனில் பேசினார். எந்திரம் வந்த வழியே இறங்கிப் போனது.

அன்று சாயங்காலம் சுகாஸ் பாவுக்கு மாலை போட்டார்கள். மூன்று கமிட்டியும் சேர்ந்து போட்டதால் மூன்று மாலை. "இது மக்கள் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி" என்று அவர் பேசினார். கடைசி வரிசையில் இந்த ஓரத்தில் சேவந்தியும் அந்த ஓரத்தில் சதானந்தும் உட்கார்ந்து கைதட்டினார்கள். இந்த முறை யாரைச் சொல்கிறார் என்று இருவருக்கும் முதலிலேயே தெரிந்திருந்தது.

தீபாவளிக்கு அப்புறம் வாய்தாவுக்குப் பஸ் ஏறினார்கள்.

"திகம்பர், பாக்ரியைப் பத்திச் சொன்னது நிஜமான்னு அந்த ஆளைக் கேளு."

"படலைத் திறந்து வைக்கச் சொல்லு திகம்பர், வந்து தின்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

"டிக்கெட்" என்றார் திகம்பர்.

படல் திறந்ததா என்று ஊரில் யாரும் பார்க்கவில்லை. சேவந்தி ஓடை தாண்டிப் போவது மட்டும் நின்றுவிட்டது. காலையில் அரிசி டின்னைக் கொண்டுபோய்ப் பலாமரத்தடியில், எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமாக வைப்பாள். மாலையில் அது மாவாக, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும். ஒரு கை நீட்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்த பலா சீசனில் ஒரு நாள் டின்னைத் திறந்தபோது, மாவின்மேல் ஒரு பிடி பலாக்கொட்டை இருந்தது. தடை உத்தரவு அமலில் இருக்கிற அதே மரத்துக் கொட்டைகள்.

சேவந்தி பாதியை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றாள். மீதியை ஒரு துணியில் முடிந்து வைத்தாள், அடுத்த வாய்தாவில் வக்கீலிடம் சாட்சியாகக் காட்ட.